காதுக்கு யார் பொறுப்பு

ஊட்டி மலையிலுள்ள ஜெகதளாவில் ஸ்டெபியைச் சண்டைக்காரி என்று சொல்பவர்கள் உண்டு. ரேஷன் கடையில் சண்டை, பஸ் கண்டக்டரோடு சண்டை, மகளின் வகுப்பு ஆசிரியையோடு சண்டை. எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன காரணம் ஒன்றுதான். யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, பல்லுக்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள், என்னவென்று திருப்பிக் கேட்டால் முறைக்கிறார்கள். ஊரே முணுமுணுக்கிறது என்று மூன்று நான்கு வருடம் அவள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது, உடைந்த பிறகு அவள் யாரோடு மோதினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முந்தைய சண்டைகள் நியாயமா என்று எனக்குத் தெரியாது. இந்தச் சண்டை நியாயமானது.

அவளுக்கு முப்பத்தேழு வயது. அப்பாவின் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து எஸ்டேட் ஆபீஸ் வேலைக்காக மலையேறியவர். கணவன் பிரைட்டன் பள்ளி வேன் ஓட்டுகிறான். மகள் ஜெபிஷா பத்தாவது படிக்கிறாள். ஊருக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் அரைக்கிற ஒரு தனியார் ஃபேக்டரியில் ஸ்டெபி பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அதில் பதினோரு வருடம் ரோலிங் ரூமில்.

அந்த அறைக்குள் ஒருமுறை நானும் போயிருக்கிறேன். நான்கு மெஷின்கள் வரிசையாக நிற்கும். வாடிய இலை பெல்ட்டில் ஏறி வந்து, பல்வைத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே விழுந்து, நசுங்கிக் கிழிந்து சுருண்டு அடுத்த மெஷினுக்குப் போகும். பெல்ட்டில் இலை ஒரு பக்கமாகக் குவியாமல் பரப்பிவிடுவதும், உருளையில் சிக்கினால் சுவிட்சை அணைப்பதும் ஸ்டெபியின் வேலை. பக்கத்தில் நின்று பேசுபவரின் வாய் அசைவது தெரியும், வார்த்தை வராது. பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். சாலையில் போன லாரி சத்தமில்லாமல் போனது. எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் அங்கே நிற்பவர்களைப் பற்றி நினைத்துப் பாருங்கள்.

சேர்ந்த புதிதில் வேலை முடிந்து ஊட்டுக்கு வந்தால் ஸ்டெபிக்குக் காதைப் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருக்கும். விடிந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் கேட்காமல் இருக்கவில்லை. இரண்டாம் வருடமே சூப்பர்வைசர் பிராங்ளினிடம் போய், சத்தம் புகாமல் காதை மூடுகிற மஃப் ஏதாவது தரக்கூடாதா என்று கேட்டாள். ஆபீசுக்கு எழுதியிருக்கிறது என்றார். ஆறு மாதம் கழித்துக் கேட்டாள், எழுதியிருக்கிறது. அடுத்த வருடமும் கேட்டாள். அப்போது அவர் சிரித்துக்கொண்டே, பஞ்சு வைத்துக்கொள்ளும்மா என்றார். பஞ்சு வைத்தாள். தேயிலைத் தூசி ஒட்டி அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

இயர்போன் யோசனை ரேகாவுடையது. ரேகா அடுத்த மெஷினில் நிற்பவள். ஸ்டெபியின் ஊட்டிலிருந்து நாலு ஊடு தள்ளி இருக்கிறாள். ஒருநாள் காதுக்குள் செருகுகிற இயர்போனை ஷாலுக்கு அடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். பாட்டை நன்றாகச் சத்தமாக வைத்தால் மெஷின் காணாமல் போய்விடுகிறது என்று சைகையிலேயே சொன்னாள். ஒரு மாதத்துக்குள் ரோலிங் ரூமில் நிற்கிற பதினொரு பேரில் ஒன்பது பேர் காதில் அது இருந்தது. பிராங்ளின் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. மஃப் கேட்டு இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு நிம்மதி.

ஸ்டெபிக்குப் பாட்டின்மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. மெஷினைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் கேட்டாள். மெஷினை முழுக்க மறைக்க வேண்டும் என்றால் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஃபோன் ஒரு எச்சரிக்கை காட்டும்: நீண்ட நேரம் அதிகச் சத்தத்தில் கேட்டால் காது பாதிக்கப்படலாம். கீழே ஓகே என்று இருக்கும். அவள் ஓகே அழுத்துவாள். ஃபோன் மூன்று மாறியது. வயர் போய் வயரில்லாத பட்ஸ் வந்தது. எச்சரிக்கை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறியது. அவள் காலையில் ஒன்று, சாப்பாடு முடிந்து ஒன்று என்று ஓகே அழுத்திக்கொண்டே இருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் மௌன ஜெபம். இருநூறு பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, ஸ்டெபிக்கு மட்டும் மைக் ‘ஙொய்ய்ய்’ என்று கத்துவது கேட்டது. மெல்லிய, கூர்மையான, விடாத சத்தம். ஒரு நிமிடம் பொறுத்தாள். ஆராதனை முடிந்ததும் மைக்செட் பார்க்கும் டக்ளஸிடம் நேராகப் போனாள். ஜெப நேரத்தில்கூட மைக்கை ஒழுங்காக வைக்கத் தெரியாதா, இதற்கு ஒரு ஆள் வேறா என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டாள். டக்ளஸ் திகைத்துப் போனான். ஜெபத்துக்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதாகச் சொன்னான். நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. மைக்செட்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. ஆளில்லாத அந்த சர்ச்சுக்குள் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் டக்ளஸிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆவி பிடித்தாள். யாரோ சொன்னார்கள் என்று காதில் எண்ணெய் விட்டாள். சத்தம் போகவில்லை. அடுப்பில் குக்கர் விசிலடித்து விசிலடித்துப் பருப்பு தீய்ந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் “சாவி எங்கம்மா” என்றால் “ஆவியா” என்பாள். ஜெபிஷா முதலில் சிரித்தாள். பிறகு அலுத்துப்போய்ப் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பிரைட்டனோ, கூப்பிட்டால் திரும்புவதில்லை, இவளுக்குத் திமிர் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருடம் அக்டோபர் மாதத்தில் ஒரு சாயங்காலம் நாலரை மணிக்கு வேலை விட்டு வந்துகொண்டிருந்தாள். மழை ஓய்ந்து மேகம் இறங்கியிருந்தது. தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை. வழக்கம்போல் காதில் பட்ஸ். திடீரென்று முதுகில் கல் விழுந்ததுபோல் ஒரு அடி. ரேகாவின் டிபன் பாக்ஸ். காலடியில் விழுந்து மூடி திறந்து கிடந்தது. ஸ்டெபி சண்டைக்குத் தயாராகத் திரும்பினாள். இருபதடி பின்னால் நின்ற ரேகா இரண்டு கையையும் ஆட்டி ஒரு பக்கமாகக் காட்டினாள். பாதையின் வளைவில், ஆளுயரச் செடிகளை விலக்கிக்கொண்டு, ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. தனி ஆண். இன்னும் பத்து எட்டு வைத்திருந்தால் அதன் மூக்குக்கு முன்னால் போய் நின்றிருப்பாள். அதற்கு முந்தின வருடம் இதே பாதையில் ஒரு ஆள் குத்துப்பட்டுச் செத்திருந்தார்.

இருவரும் பின்னாலேயே நகர்ந்து, வேறு வழியாக ரோட்டில் ஏறினார்கள். ரோட்டுக்கு வந்ததும் ரேகாவுக்கு நடுக்கம் கோபமாக மாறிவிட்டது.

“எத்தன தடவ கத்துனேன் தெரியுமா? தொண்ட கிழியுது. அந்தப் பாட்டுல என்னதான் இருக்குது உனக்கு?”

ஸ்டெபி காதிலிருந்து பட்ஸை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“பாட்டே ஓடல ரேகா. மத்தியானமே சார்ஜ் போயிருச்சு. கழட்ட மறந்து போட்டுட்டு வந்தேன்.”

அதைச் சொன்னபோதுதான் சொன்னதன் பொருள் அவளுக்கே உறைத்தது.

அந்த வாரமே லீவ் போட்டு ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது டாக்டர் பார்த்துவிட்டு, காதின் கேட்கும் திறனைச் சோதிக்கிற கனிஷ்காவிடம் அனுப்பினார். சின்ன அறை, தடித்த கதவு, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் நாலைந்து முறை அழுத்தினாள். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கனிஷ்காவின் கை குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது. திருகும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சத்தம் எழுகிறது, அது தனக்கு வரவில்லை என்று அப்போது புரிந்தது. அவள் பட்டனைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள்.

கனிஷ்கா தாளில் கோட்டைக் காட்டினாள். தட்டையாகப் போன கோடு, கீச்சென்ற ஒலிகள் வருகிற இடத்தில் பள்ளத்தில் விழுந்து, கடைசியில் கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும் அதே பள்ளம். இது அதிகச் சத்தம் தோண்டுகிற பள்ளம் என்றாள். காதுக்குள் ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன; பேரிரைச்சலில் அவை சாய்ந்து, பிறகு செத்துப்போகும். ‘ச’, ‘ஸ’ மாதிரி எழுத்துகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் ஊர் முணுமுணுக்கிறது.

ஸ்டெபி பட்ஸையும் ஃபோனையும் மேஜையில் வைத்தாள். ரோலிங் ரூமைப் பற்றிச் சொன்னாள். கனிஷ்கா கேட்டுவிட்டு ஒரு கணக்குச் சொன்னாள்.

“உங்க மெஷின் தொண்ணூத்தஞ்சு டெசிபல்னு வெச்சுக்கங்க. அதுக்கு மேல பாட்டு கேக்கணும்னா பாட்டு நூறைத் தொடணும். நூறுல ஒரு காது ஒரு நாளைக்குத் தாங்கறது கால் மணி நேரம். நீங்க எட்டு மணி நேரம் வெச்சிருக்கீங்க.”

“திரும்ப வருமுங்களா?”

“வராதுங்க அக்கா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்.”

காப்பாற்றுகிற வழியையும் சொன்னாள். அமைதியான இடத்தில் மட்டும் கேட்க வேண்டும். அங்கேயும் ஃபோனின் சத்தம் பாதி, மிஞ்சினால் அறுபது விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிவிட்டுக் காதுக்கு ஓய்வு தர வேண்டும். வெளியில் சத்தம் கூடினால் பாட்டைக் கூட்டக் கூடாது, நிறுத்திவிட வேண்டும். காதின் அளவுக்குப் பொருந்துகிற ரப்பர் முனை போட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது; வராவிட்டால் ஏற்றவேண்டிய தேவையும் இல்லை. கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். கழற்றிய பிறகு காதில் இரைச்சலோ அடைப்போ இருந்தால், விடிந்ததும் சரியாகிவிட்டாலும், அது முதல் எச்சரிக்கை.

அந்த முதல் எச்சரிக்கை ஸ்டெபிக்குப் பதினோரு வருடம் முன்னால் வந்தது. யாரும் சொல்லவில்லை. ஊட்டியிலிருந்து, ஊருக்கு இறங்குகிற அருவங்காடு வரைக்கும் பஸ்ஸில் அவள் கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிராங்ளின்மேல் போட்டால் ஓகே அழுத்திய விரல் கண்ணில் பட்டது. விரல்மேல் போட்டால் “பஞ்சு வெச்சுக்கோம்மா” என்று சிரித்த முகம் வந்தது. ஊட்டுக்குள் நுழைந்தபோது ஜெபிஷா காதில் பட்ஸோடு படுத்திருந்தாள். ஸ்டெபி அதைப் பிடுங்கி வாசலுக்கு அப்பால் தேயிலைக்குள் வீசினாள். பிரைட்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“திமிருன்னு சொன்னீங்களே,” என்று தாளை அவன் மடியில் போட்டாள். “இந்தாங்க உங்க பொண்டாட்டியோட திமிரு. படிச்சுப் பாருங்க.”

அவன் படித்தான். புரியவில்லை. ஆனால் உறவுக்காரர்களிடம் சொன்னது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. மறுநாள் அவன் செடிகளுக்கு அடியில் தவழ்ந்து அந்த பட்ஸைத் தேடி எடுத்தான். மகளின் ஃபோனில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறாதபடி செட்டிங்கில் பூட்டிவிட்டுத்தான் திருப்பித் தந்தான். அதை அவன் தானாகவே செய்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவன்மேல் எனக்குள்ள கோபமும் ஓரளவு அன்றைக்குத் தீர்ந்தது.

ஸ்டெபி ரிப்போர்ட்டின் ஒரு நகலை ஃபேக்டரியில் கொடுத்தாள். பிராங்ளின் இப்போது ஃபேக்டரி ஆபீசர். மஃப் வாங்கித் தாருங்கள், மற்றவர்களுக்கும் டெஸ்ட் எடுங்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் ரோலிங் ரூம் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வேலை நேரத்தில் ஹெட்போன், இயர்போன் அணியத் தடை. மீறினால் சஸ்பெண்ட். அதோடு ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட ஒரு காகிதம். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நான் என் சொந்த விருப்பத்தில் மொபைல் ஃபோனில் பாட்டுக் கேட்டுவந்தேன், அதனால் என் காதுக்கு ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

மஃப் பற்றி ஒரு வரி இல்லை. மெஷின் பற்றி ஒரு எழுத்து இல்லை. இத்தனை வருடம் கண்டும் காணாமலும் இருந்த இயர்போனை, ஒரு ரிப்போர்ட் வந்த மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவள் காகிதத்தோடு பிராங்ளினின் மேஜைக்குப் போனாள்.

“மெஷின் சத்தத்துக்கு யார் பொறுப்புன்னு இதுல இல்லீங்களே சார்.”

“அந்த சத்தத்துல நானும் எட்டு வருஷம் நின்னவன்தாம்மா. எனக்கு என்ன ஆச்சு? நீங்க ஃபோனைக் காதுல சொருகிட்டு ஆடிட்டு, இப்ப கம்பெனி மேல போடறீங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜை ஃபோன் அடித்தது. எடுத்தவர் ‘என்னது, என்னது’ என்று இரண்டு முறை கேட்டார். ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். பிறகு மறுமுனையில் இருந்தவர் வாய்க்குள்ளேயே பேசுவதாகச் சொல்லி எரிச்சலோடு வைத்தார். ஸ்டெபி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீங்களும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கங்க சார்,” என்றாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. வெளியே போகச் சொன்னார். அவள் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் அந்தப் பள்ளம் விழுந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதே சத்தத்தில் நின்றிருந்தும் அந்த ஆள் அந்தக் காகிதத்தை நீட்டினாரே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஆனால் அந்த வாரம் அவளை அதிகம் வெறுத்தது பிராங்ளின் அல்ல, ரோலிங் ரூம்தான். பாட்டு இல்லை. பஞ்சு மட்டும். எட்டு மணி நேரம் பச்சை இரைச்சல். இவள் வாயைத் திறந்ததால்தான் இருந்ததும் போயிற்று என்றார்கள். ஏழு பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ரேகாவும் போட்டாள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். சாப்பாட்டு வேளையில் ஸ்டெபி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ரேகா பத்து நாள் தனியாகவே நடந்து ஊட்டுக்குப் போனாள்.

ஸ்டெபிக்கு அவர்கள்மேலும் கோபம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒவ்வொரு ஊடாகப் போனாள். ஒருநாள் லீவ் போட்டு என்னோடு ஊட்டிக்கு வாருங்கள், டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம், காது நன்றாக இருந்தால் என்னைத் திட்டுங்கள் என்றாள். பாதிப்பேர் கதவைச் சாத்தினார்கள். ஐந்து பேர் வந்தார்கள், ரேகா உட்பட. ஐந்தாவது ஆள் ஆயம்மாள்.

ஆயம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ரோலிங் ரூமிலேயே இருபத்து நான்கு வருடம் நின்றவள். அவளிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதிலும் பேசுவதோடு சரி. வாழ்க்கையில் ஒருமுறைகூடக் காதில் எதையும் செருகியதில்லை; எல்லாரும் இயர்போன் போட்டபோது அது பேய் பிடிக்கிற வேலை என்று சொன்னவள். சும்மா ஊட்டியைச் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அறையிலிருந்து அவள் வெளியே வந்ததும் கனிஷ்கா அவளுடைய தாளையும் ஸ்டெபியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆயம்மாளின் கோட்டிலும் அதே இடத்தில் பள்ளம். பாட்டே கேட்காத காது.

நிர்வாகத்தின் காகிதம் அந்த இடத்திலேயே பொய்யாகிவிட்டது. ரேகா கைதட்டாத குறைதான். ஆனால் ஸ்டெபி இரண்டு தாளையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயம்மாளின் பள்ளத்தைவிட அவளுடைய பள்ளம் ஆழமாக இருந்தது. இவளுக்குப் பதினோரு வருடம்; அவளுக்கு இருபத்து நான்கு. ஏன் என்று கேட்டாள். கனிஷ்கா தயங்கினாள், வயது மூத்தவளுக்குக் காது இவளைவிட நன்றாகக் கேட்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாள். பிறகு, பாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

மெஷின் தனியாக இருபத்து நான்கு வருடத்தில் செய்ததை, மெஷினும் ஸ்டெபியும் சேர்ந்து பதினோரு வருடத்தில் செய்து முடித்திருந்தார்கள். இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுத உட்கார்ந்தார்கள். ரேகாவின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவள் எழுதினாள். ஃபேக்டரிச் சட்டத்தில், முதலாளி அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் ஒன்று என்று கனிஷ்கா சொல்லியிருந்தாள். அதை எழுதினார்கள். மஃப் கேட்ட மூன்று முறையையும் வருடத்தோடு எழுதினார்கள். இயர்போன் விஷயம் வந்தபோது ரேகா பேனாவை நிறுத்தினாள்.

“இத எழுத வேண்டாம். அவங்களுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

“எழுது,” என்றாள் ஸ்டெபி. “மஃப் தராததால பாட்டு வெச்சேன். ஃபோனே எச்சரிக்கை காட்டியும் வெச்சேன். என் பங்க நான் சொல்றேன். அவங்க பங்க அவங்க சொல்லட்டும்.”

ரேகா எழுதினாள். கடைசியில், தான் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் வேலைக்குப் பயந்து போட்டது என்றும் சேர்த்து, கீழே தன் பெயரையும் எழுதினாள். மனுவோடு பள்ளம் காட்டுகிற ஆறு டெஸ்ட் தாள்கள், ஆறு பெயர்கள்.

ஏழு வாரம் எதுவும் நடக்கவில்லை. ஸ்டெபி இரண்டு முறை ஆய்வாளர் ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை, பதில் எழுத்தில் தரும்வரை இங்கிருந்து நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். காது சரியாகக் கேட்காது, எழுதிக் கொடுத்தால்தான் எனக்குப் புரியும் என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். சின்ன மைக் வைத்த ஒரு கருவியை மெஷின்களுக்கு நடுவே, ஆள் நிற்கிற இடத்தில், காது உயரத்தில் பிடித்தார். பிராங்ளின் அன்றைக்கென்று இரண்டு மெஷினை ரிப்பேர் என்று நிறுத்தி வைத்திருந்தார். ஆயம்மாள் ஆய்வாளரிடம் போய், ஒரு நாளும் இல்லாத திருநாளாக இன்றைக்கு இரண்டு மெஷின் தூங்குதுங்க என்றாள். நான்கையும் ஓட்டச் சொன்னார். கருவி தொண்ணூற்றேழு காட்டியது. எட்டு மணி நேரத்துக்குச் சட்டம் அனுமதிப்பது தொண்ணூறு.

எழுத்தில் உத்தரவு வந்தது. எல்லாருக்கும் இயர்மஃப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட், கம்பெனி செலவில். நிர்வாகம் பொறுப்பல்ல என்ற அந்தக் காகிதம் செல்லாது. இயர்போன் தடை மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று ஆய்வாளர் சொன்னார். அதை ஸ்டெபியும் எதிர்க்கவில்லை.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. முதலில் வந்த மஃப்கள் பெரிய ஆண்களின் தலை அளவுக்கு. பெண்களின் காதில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கின. அவற்றை மாற்றித்தர இன்னும் ஒரு மாதம் சண்டை போடவேண்டியிருந்தது. தூளை உலர்த்துகிற டிரையர் பக்கம் போனால் வியர்வையில் காது புழுங்குகிறது என்று சிலர் கழற்றி வைத்துவிடுவார்கள். ரேகா ஒவ்வொருத்தராகப் போய்த் தலையில் எடுத்து மாட்டுவாள். ஸ்டெபியை ரோலிங் ரூமிலிருந்து தூக்கி, வெளியே இலை வாங்குகிற முற்றத்தில் எடை போடப் போட்டார்கள். அவள் நலனுக்காக என்று பிராங்ளின் ஆர்டரில் எழுதியிருந்தார். அது தண்டனை என்பது எல்லாருக்கும் தெரியும். தனியாள், காலையிலிருந்து மழையும் குளிரும். காதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்றாள் கனிஷ்கா. நல்லது செய்கிற எண்ணமே இல்லாதவன் செய்த நல்லதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று ஸ்டெபிக்கு அதுவும் எரிச்சல்.

காதில் அந்தச் சத்தம் இப்போதும் இருக்கிறது. மௌன ஜெபத்தில் அவள் கண்ணை மூடுவதில்லை, மூடினால் கூடுகிறதாம். ஜெபிஷா முகத்தைப் பார்த்து, நிறுத்திப் பேசப் பழகிவிட்டாள். டக்ளஸிடம் ஸ்டெபி ஒருநாள் போய், தப்பு என் காதில்தான் தம்பி, உன் மைக்கில் இல்லை என்று சொன்னாள். ரேஷன் கடைக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே முணுமுணுக்கிறாராம்.

கோபம் தணிந்துவிட்டதா என்று அவளைக் கேட்டேன்.

“எதுக்குத் தணியணும்?” என்றாள். “கூடலூர் வரைக்கும் எத்தன ஃபேக்டரி இருக்குது. அத்தன ரோலிங் ரூம்லயும் இன்னிக்கும் எவளோ ஒருத்தி காதுல சொருகிட்டு ஓகே அழுத்திட்டு இருப்பா.”

போன மாதம் வருடாந்தர டெஸ்டுக்குக் கம்பெனி வேனிலேயே ஸ்டெபி உட்பட அந்தப் பதினொரு பேரும் ஊட்டிக்குப் போனார்கள். பிராங்ளின் வரவில்லை, ஆனால் பட்டியலில் கடைசியாக அவர் பெயரும் பென்சிலில் எழுதி அடிக்கப்பட்டிருந்ததை ரேகா பார்த்திருக்கிறாள். ஸ்டெபியின் கோடு போன வருடம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. மேலும் இறங்கவில்லை, இதைவிட நல்ல செய்தி என்னால் சொல்ல முடியாது அக்கா என்றாள் கனிஷ்கா. ஸ்டெபி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்து யார், உள்ளே போங்க என்று வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.